பி.இ. 7-க்குக் கிடைக்கும் ஸ்பின்னிங் மில் பங்கு: பத்து வருஷத்துக்கு வாங்கி வைக்கலாமா?

பவானிக்கரை:
வணக்கங்க. ஈரோட்டுல சாஃப்ட்வேர் வேலை. மாசாமாசம் எஸ்.ஐ.பி. போயிட்டிருக்கு. அதுபோக ஒரு தொகையை நேரடியா பங்குல போட்டு, பத்து வருஷம் தொடாம வைக்கலாம்னு ஆசை. நம்ம ஊர்ப்பக்கத்துத் தொழில்ங்கறதால ஒரு ஸ்பின்னிங் மில் கம்பெனியைப் பார்த்து வெச்சிருக்கேன். பேர் வேண்டாம். பங்கு 80 ரூபாய், பி.இ. 7 (அதாவது பங்கு விலை ஒரு பங்குக்கு வர்ற வருஷ லாபத்தைப் போல 7 மடங்கு), புத்தக மதிப்புக்கு (சொத்துல கடன் போக மிச்சத்துக்கு) கீழ கிடைக்குது. போன வருஷத்தைவிட லாபம் ரெண்டு மடங்கு. "எம்.ஆர்.எஃப். மாதிரி லட்ச ரூபாய் பங்கெல்லாம் நமக்கு ஆகாது, இதுதான் மலிவு"ங்கறார் கூட வேலை பார்க்கறவர். ஆண்டறிக்கையை இறக்கி வெச்சிருக்கேன், 240 பக்கம். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

சந்தை நண்பன்:
பி.இ. 10-க்குள்ள, புத்தக மதிப்புக்கும் கீழ. இதுக்கு மேல என்னங்க வேணும்? ஆர்.ஓ.சி.இ. (போட்ட மொத்த முதலுக்குக் கிடைக்கற லாப சதவீதம்) 15-க்கு மேல இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

பழைய கடன் பிரிவு:
தம்பி, கண்ணை மூடிட்டு மட்டும் வாங்காதீங்க. கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் மில்லுகளுக்குக் கடன் கொடுக்கற பேங்க் வேலையிலதான் என் சர்வீஸ் போச்சு. அந்தக் கண்ணோட சொல்றேன்.

முதல்ல அந்த 80 ரூபாய் கணக்கை விட்டுடுங்க. எம்.ஆர்.எஃப்.புக்கு மொத்தமே சுமார் 42.41 லட்சம் பங்குதான். 2023 ஜூன்ல பங்கு லட்சத்தைத் தொட்டப்ப கம்பெனியோட மொத்த விலை சுமார் 42,400 கோடி. அந்த மொத்த விலையை லாபத்தோட வெச்சுப் பார்க்கணும். ஒரு பங்கு 80-ஆ, 80,000-ஆங்கறதுல ஒண்ணுமே இல்லை.

அடுத்து பி.இ. 7. எந்த வருஷ லாபத்துக்கு ஏழு? ஸ்பின்னிங்ல இந்தக் கேள்வி கேட்காம ஒரு அடி வைக்கக் கூடாது. 2022 மே மாசம் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, லட்ச ரூபாயைத் தாண்டிச்சு. ஏப்ரல்லயே மத்திய அரசு 11 சதவீத இறக்குமதி வரியை எடுத்தும் விலை நிக்கலை. குறைஞ்ச விலைக்குப் பஞ்சு வாங்கி அடுக்கியிருந்த மில்லுக்கெல்லாம் 2021-22ல நல்ல லாபம். நூல் ஏறின விலைக்குப் போச்சு, பஞ்சு பழைய விலை. 2022 பின்பாதியில பஞ்சு இறங்கினப்ப கதை தலைகீழ்: குடோன்ல இருக்கறது உச்ச விலைப் பஞ்சு, நூலுக்குக் கேட்க ஆளில்லை. 2022 நடுவுல பி.இ. பார்த்து மலிவுன்னு வாங்கினவங்களுக்கு அடுத்த வருஷம் அந்த லாபமே இல்லை. அதனால நீங்க பார்த்து வெச்ச கம்பெனியோட பத்து வருஷ லாபத்தைக் கூட்டி, பத்தால வகுத்து, அந்தச் சராசரிக்கு இன்னைய விலை எத்தனை மடங்குன்னு பாருங்க. ரெட்டிப்பு லாப வருஷத்தை வெச்சு முடிவெடுக்க வேண்டாம்.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். பத்து வருஷ நிகர லாபத்தை ஒரு பக்கம் கூட்டுங்க. கேஷ் ஃப்ளோ பக்கத்துல "இயக்கத்திலிருந்து வந்த ரொக்கம்"னு வர்ற தொகையை இன்னொரு பக்கம் கூட்டுங்க. தேய்மானம், வட்டியெல்லாம் லாபத்தோட திரும்பக் கூட்டித்தான் இந்தத் தொகை வருது. அதனால மில்லுல இது லாபத்தைவிட அதிகமாவே இருக்கணும். லாபம் 200 கோடி, ரொக்கம் 90 கோடின்னா, மீதி வரவேண்டிய பாக்கியிலயும் ஸ்டாக்லயும் (குடோன் சரக்குல) முடங்கிக் கிடக்கு. அது பணமா மாறுமான்னு யாருக்குத் தெரியும்?

அதைத் தெரிஞ்சுக்க ஆண்டறிக்கையில ரெண்டு இடம் இருக்கு. 2021-22லிருந்து டெப்டர்ஸ் பாக்கியை, அதாவது சரக்கு வாங்கினவங்க தர வேண்டிய பணத்தை, ஆறு மாசத்துக்குள்ள, ஒரு வருஷத்துக்குள்ள, ரெண்டு, மூணு, அதுக்கும் மேலன்னு வயசுவாரியாப் பிரிச்சுக் காட்டணும். நாங்க கடன் வரம்பு கணக்குப் போடறப்ப 90 நாள் தாண்டின பாக்கியைச் சேர்க்கவே மாட்டோம். ஆண்டறிக்கையில 90 நாள் தனியாத் தெரியாது, அதனால நீங்க ஆறு மாசம் தாண்டின பாக்கியை அப்படிப் பாருங்க.

இன்னொண்ணு, யாரும் படிக்காத இடம். பேங்க்ல ஸ்டாக்கை அடமானமா வெச்சு வொர்க்கிங் கேப்பிட்டல் (அன்றாட ஓட்டத்துக்கான கடன்) வாங்கற கம்பெனி, கையில எவ்வளவு சரக்கு இருக்குன்னு பேங்க்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்துட்டே இருக்கும். அந்தக் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒத்துப் போகுதா, இல்லைன்னா வித்தியாசம் எவ்வளவு, காரணம் என்னன்னு 2021-22லிருந்து எழுதியாகணும். ஆடிட்டர் அறிக்கையோட இணைப்புலயும் வரும், குறிப்புகள்லயும் வரும். குடோன் இன்ஸ்பெக்ஷன் போறப்ப முன் வரிசையில புதுப் பஞ்சுப் பேல் (பொதி) பளிச்சுன்னு அடுக்கியிருப்பாங்க. நான் பின்னாடி வரிசைக்குப் போயி லாட் நம்பரையும் தேதியையும் பார்ப்பேன். பேலைச் சுத்தின துணி நிறம் மங்கி இத்துப் போயிருந்தா அது எந்த வருஷத்துப் பஞ்சுன்னு கேள்வி வரும். உங்களால குடோனுக்குப் போக முடியாது. இந்தக் குறிப்பைப் படிக்க முடியும்.

புரோமோட்டர் (கம்பெனியை நடத்தற குடும்பம்) பங்கு எவ்வளவு, அதுல அடமானம் எவ்வளவுங்கறதை பி.எஸ்.இ., என்.எஸ்.இ. தளத்துல மூணு மாசத்துக்கு ஒருதரம் பார்த்துக்குங்க. குடும்பத்தோட மற்ற கம்பெனிகளுக்கு எவ்வளவு கடன் போகுதுன்னு "தொடர்புடைய தரப்பினர்" குறிப்புல இருக்கும்.

சி.ஏ. ஆர்ட்டிகிள்:
சார், நல்ல பதிவு. ஆனா சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடியில ரொக்கமே பொய்தானே? ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. கேஷ் ஃப்ளோ பார்த்தவங்களும் ஏமாந்தாங்களே?

பழைய கடன் பிரிவு:
சரியான கேள்விம்மா. 2009 ஜனவரி 7 சத்யம் சேர்மன் ராமலிங்க ராஜு எழுதின கடிதத்துல, காட்டின 5,361 கோடி ரொக்கத்துல 5,040 கோடி இல்லவே இல்லைன்னு ஒத்துக்கிட்டார். சேர வேண்டிய வட்டின்னு காட்டின 376 கோடியும் கற்பனை. பேங்க் கடுதாசியையே போலியா தயாரிச்சா வெளியாள் கண்டுபிடிக்க முடியாது. ஆனா ரெண்டு விஷயம் எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது. புரோமோட்டர் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழ போயிருந்தது. 2008 டிசம்பர் 16, சொந்தக் குடும்பத்தோட மேட்டாஸ் கம்பெனிகளை வாங்கப் போறோம்னு அறிவிச்சாங்க. முதலீட்டாளர்கள் கொதிச்ச பிறகுதான் கைவிட்டாங்க. உண்மையிலயே அவ்வளவு பணம் கையில இருந்தா, பங்குதாரருக்குக் கொடுக்காம ஏன் குடும்ப ரியல் எஸ்டேட் கம்பெனிக்குப் போகணும்?

அதனாலதான் சொல்றேன், ரொக்கம் இருக்குன்னு எழுதினா பத்தாது, அது வெளிய வரணும். கடன் குறைஞ்சிருக்கா, டிவிடெண்ட் வந்துச்சா, புது ஸ்பிண்டில் (நூற்புக் கதிர்) போட்டாங்களான்னு பாருங்க. பேங்க்ல ரொக்கமும் குவியுது, கடனும் ஏறுதுன்னா எனக்கு சந்தேகம் வரும். அப்படியும் தப்பிச்சு ஏமாத்தறவங்க உண்டு. எந்த ஒரு கம்பெனியிலயும் மொத்தப் பணத்தைக் கொட்டாதீங்க.

பவானிக்கரை:
சார், ரொம்ப நன்றிங்க. பத்து வருஷச் சராசரிக்குப் பார்த்தா பி.இ. 19 வருது! ஸ்டாக் ஸ்டேட்மென்ட் குறிப்பையும் தேடிப் பிடிச்சேன். டிசம்பர் காலாண்டுல பேங்க்குக்குக் கொடுத்தது 58 கோடி, புத்தகத்துல 41 கோடி. காரணம் "தற்காலிக மதிப்பீடு"ன்னு போட்டிருக்கு. இது பெரிய விஷயமாங்க?

பழைய கடன் பிரிவு:
பெரிய விஷயந்தான் தம்பி. 41 கோடி சரக்குக்கு 17 கோடி வித்தியாசம் தற்காலிக மதிப்பீட்டுல வராது. ஸ்டாக்கைக் கூட்டிச் சொன்னா டிராயிங் பவர் (பேங்க்ல எடுக்க அனுமதிக்கற கடன் அளவு) கூடும், அதிகமாக் கடன் எடுக்கலாம். காசு முட்டுப்படற கம்பெனிதான் பெரும்பாலும் இப்படிச் செய்யும். இதுக்கு நேர்மாறா, பேங்க்குக்குக் குறைச்சும் புத்தகத்துல கூட்டியும் இருந்தாலும் நல்லதில்லை. இறுதி ஸ்டாக்கை ஏத்திக் காட்டினா அந்த வருஷ லாபம் தானா ஏறும்.

முந்தின ரெண்டு ஆண்டறிக்கையையும் இறக்கி அதே குறிப்பைப் பாருங்க. எட்டுக் காலாண்டும் ஒரே பக்கமாவே சாஞ்சிருந்தா இந்தக் கம்பெனியை விட்டுடுங்க, விலை 80 இல்லை 40-க்கு வந்தாலும் வேண்டாம். ஒரே ஒரு காலாண்டுன்னா ஆண்டுப் பொதுக்கூட்டம் இப்ப வீடியோலயும் நடத்தறாங்க, ஒரு பங்கு வாங்கினாலே பேசப் பதிவு பண்ணலாம். அந்த 17 கோடி என்னன்னு நேராக் கேளுங்க. பதிலை இங்க போடுங்க, சேர்ந்து பார்க்கலாம்.