பினாங்கை உருவாக்கியது யார்? ஜார்ஜ் டவுன் பற்றி ஒரு வாக்குவாதம்

சிங்கைச் செழியன்:
போன வாரம் மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுன் நகரம் போயிருந்தேன். கார்ன்வாலிஸ் கோட்டைக்கு எங்களோடு வந்த ஒருவர், அங்கே நிற்கும், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவில் குடியேற்றம் தொடங்கிய ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட்டின் சிலையை எடுத்துவிட வேண்டும் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1786 ஆகஸ்ட் 11 அன்று லைட் கொடியேற்றியபோது அந்த முனை முழுக்கக் காடு. துறைமுகத்தில் சுங்கவரி கிடையாது, காட்டைத் திருத்தியவருக்கே நிலம் சொந்தம் என்று அவர் வைத்த ஏற்பாட்டை நம்பித்தான் சீனர், தமிழர், ஆச்சேக்காரர், ஆர்மீனியர் எல்லாரும் வந்து இறங்கினார்கள். 1794-இல் மலேரியாவில் இறந்துபோனார். அவர் வகுத்த லைட் வீதி, பீச் வீதி, சூலியா வீதி, பிட் வீதி நான்கும் இன்றைக்கும் நகரத்தின் சட்டகமாக இருக்கின்றன. நகரை நிறுவியவர் என்று ஒருவரைச் சொல்வதில் என்ன தயக்கம்?

கவிதா, ஆயர் ஈத்தாம்:
தயக்கம் நிறையவே இருக்கிறது அண்ணா. அந்த முனை காடாக இருந்தது சரி, தீவு ஆளில்லாமல் இல்லை. தீவின் பத்து உபான் என்ற இடத்தில், சுமத்ராவின் மினாங்கபாவ் வழிவந்த மலாய்க் குடும்பங்கள் லைட்டுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே குடியிருந்தன.

அதைவிட முக்கியம், தீவு கைமாறிய விதம். தீவு அப்போது பக்கத்து மலாய் அரசான கெடாவுக்குச் சொந்தம். அதைத் தருவதற்குக் கெடா சுல்தான் அப்துல்லா கேட்டது ஒன்றே ஒன்று: சயாம் (இன்றைய தாய்லாந்து) தாக்கினால் படை உதவி. கம்பெனி அந்த உறுதியைத் தரவில்லை. தராது என்று தெரிந்தும் லைட் கொடியேற்றினார். ஏமாந்த சுல்தான் தீவை மீட்க 1791-இல் எதிர்க்கரையில், பிறை என்ற இடத்தில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கினார். அப்புறம்தான் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற ஒப்பந்தமே வந்தது. 1800-இல் எதிர்க்கரை நிலத்தையும் வாங்கிக்கொண்டு அதை 10,000 ஆக்கினார்கள். 1821-இல் சயாம் கெடாவுக்குள் புகுந்தபோது கம்பெனிப் படை நகரவில்லை. அப்துல்லாவின் மகன் அகமது தாஜுதீன் அடைக்கலம் தேடி ஓடிவந்தது இதே பினாங்குக்கு. இந்தக் கதையில் ஒரு வரி கூடச் சொல்லாமல் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுப்பது எனக்கு வலிக்கிறது.

நாகூர் பஷீர்:
இருவரும் லைட்டையும் சுல்தானையும் விட்டு வெளியே வரவில்லை. ஊரைக் கட்டிய கைகள் யாருடையவை?

சூலியாக்கள் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் லைட் பிறப்பதற்கு முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து கெடாவுக்கு வந்து வணிகம் செய்தவர்கள். லைட்டே 1794-இல் எழுதிய அறிக்கையில், தீவில் சூலியாக்கள் சுமார் ஆயிரம் பேர் நிலையாக இருக்கிறார்கள் என்றும், கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருகின்றன என்றும் குறித்திருக்கிறார். கடை வைத்தார்கள், படகு ஓட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள். அவர்களின் தலைவர் காதர் மொகிதீன் முன்னின்று 1801-இல் எழுப்பியது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பிட் வீதிக்கே இன்று அதன் பெயர்தான்.

1818-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் தெரியும். அழகான வெள்ளைத் தூண்கள். அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள். சாலைகளிலும் அவர்கள் உழைப்பு கிடக்கிறது. 1802-இல் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் எழுபதுக்கும் மேற்பட்ட பாளையக்கார வீரர்களையும் கம்பெனி இந்தத் தீவுக்குத்தான் அனுப்பியது. சிவகங்கையிலிருந்து வரும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாமல் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டுத் திரும்புகிறார்கள்.

சிங்கைச் செழியன்:
பஷீர் பாய், நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் பலம். சூலியாக்கள் கெடாவில் பல காலம் வணிகம் செய்தார்கள், அங்கே இப்படி ஒரு பன்னாட்டு நகரம் எழவில்லையே? ஒரே வீதியில் தேவாலயம், குவான் யின் கோயில், பள்ளிவாசல், பின்னால் குயின் வீதியில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அதற்கு ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் லைட்.

சிலையைப் பற்றியும் ஒன்று. 1936-இல் அதை வார்த்தபோது லைட்டின் உருவப்படம் கிடைக்காமல், அடிலெய்டு நகரை வகுத்த அவர் மகன் வில்லியமின் முகச்சாயலை வைத்து வடித்தார்கள். அதுவும் இப்போது வரலாற்றுப் பொருள்தான். கெடாவின் கதையைப் பக்கத்தில் ஒரு கல்லில் பொறிக்கட்டும், எடுக்க வேண்டாம்.

கவிதா, ஆயர் ஈத்தாம்:
ஏற்பாடு என்று நல்ல பெயர் கொடுக்கிறீர்கள். சுங்கவரி வாங்காத அரசு எதில் பிழைத்தது? அபின், சாராயம், சூதாட்டம். இவற்றின் குத்தகைப் பணத்தில். அபினுக்கு விழுந்தவர்களில் பெரும்பாலோர் கூலிகள். அவர்கள் களைப்புதான் கஜானா.

அந்த ஏற்பாடு மட்டும் நகரை வாழவைத்திருந்தால், 1819-இல் சிங்கப்பூர் எழுந்ததும் பினாங்கு ஏன் தளர்ந்தது? 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்த நீரிணைக் குடியேற்றங்களின் தலைநகரம், 1832-இல் அந்தப் பதவியும் போயிற்று. திரும்ப எழுப்பியது பக்கத்துப் பேராக் மாநிலத்து ஈயம். அதில் பணம் போட்டவர்கள் இங்கிருந்த சீன வணிகர்கள். 1901-இல் எரிந்துபோய் 1906-இல் மீண்டும் கட்டிய கூ கொங்சி என்ற சீனக் குல மாளிகையைப் பாருங்கள், அந்தக் காசின் அளவு கூரையிலேயே தெரியும். கடலில் மரக்கால் ஊன்றி நிற்கும், சீனக் குலங்கள் குடியிருக்கும் படகுத்துறைகளையும் பாருங்கள். மூட்டை தூக்கியவர்கள் வீடு அவை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் இந்த ஊர் புரியும்.

பட்டர்வொர்த் முருகேசு:
யார் கட்டினார்கள் என்று நூறு பதிவு போடலாம். இப்போது யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை கடைவீடுகளில் மலிவு வாடகையில் குடும்பங்கள் இருந்தன. 1997-இல் சட்டத்தை நீக்கினார்கள், 2000 தொடக்கத்தோடு பாதுகாப்பு முடிந்தது. தையற்காரர், பூக்காரர், கூடை முடைபவர் எல்லாம் கிளம்பினார்கள். 2008-இல் நகரை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு சேர்த்ததும் விலை இன்னும் ஏறியது. 2012-இல் ஆர்மீனியன் வீதியில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் ஓவியம் வந்தபிறகு கூட்டம் சொல்ல வேண்டாம். மாடியில் ஒரு பாட்டி இருந்த வீட்டில் இப்போது காபிக் கடையும் தங்கும் விடுதியும். சுவரைக் காப்பாற்றி ஆளை விட்டுவிட்டோம்.

சிங்கைச் செழியன்:
முருகேசு அண்ணே, குடும்பங்கள் கிளம்பியது பட்டியலில் சேர்வதற்கு எட்டு ஆண்டு முன்பே என்று நீங்களே சொல்கிறீர்கள். பட்டியல் இல்லாமலிருந்தால் அந்தச் சுவர்களும் இருக்காது, நடுவில் அடுக்குமாடிகள் நின்றிருக்கும். 1969-இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற தகுதி போனபோது ஊரில் வேலையே இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் வந்துதான் பிழைத்தது. இப்போது பழைய நகருக்குள் வருமானம் தருவது சுற்றுலா.

பட்டர்வொர்த் முருகேசு:
வருமானம் யாருக்கு என்பதுதான் கேள்வி. விடுதி முதலாளிக்கா, கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக மளிகை நடத்துபவருக்கா? பட்டியல் கட்டடத்தைக் காக்கிறது, குடியிருப்பவரைக் காக்க வாடகை உதவி வேண்டும். அதைக் கேட்டால் சுற்றுலா எதிரி என்கிறார்கள்.

மலர்விழி, மதுரை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தைப்பூசத்துக்கு அம்மாவை அழைத்து வருகிறேன். அவருக்கு அதிகம் நடக்க முடியாது. எதைப் பார்க்க, எதை விட?

நாகூர் பஷீர்:
வாங்க தங்கச்சி. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு வீதி கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் கிளம்பும். 1894-இல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தது. வழியெங்கும் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள், உடைப்பவர்களில் சீனர்களே நிறைய. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்க்கலாம். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் படிகள் அவருக்கு வேண்டாம், அடிவாரம் போதும். பினாங்கு மலைக்கு ரயில் இருக்கிறது, 1923-இல் போட்ட பாதை, 2011-இல் வண்டிகளைப் புதுப்பித்தார்கள். கோட்டையை விட்டுவிடலாம்.

சிங்கைச் செழியன்:
கோட்டையை விடச் சொல்லாதீர்கள் பாய். சமதரை, காற்று வரும், அம்மாவுக்கு வசதி.

கவிதா, ஆயர் ஈத்தாம்:
போகட்டும், ஆனால் கெடாவின் கதையையும் அம்மாவிடம் சொல்லுங்கள் மலர்விழி. கோட்டையிலிருந்து குலங்களின் படகுத்துறைகளுக்கு வண்டியில் ஐந்து நிமிடம். எங்கள் வீடு கெக் லோக் சி கோயில் பக்கம், மலை ரயிலுக்கு வரும்போது தகவல் போடுங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.