அல்பிரசோலமும் இட்ராகோனசோலும் சேர்ந்து வந்துவிட்டன: மருத்துவர், மருந்தாளுநர் யாராவது சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். என் மாமாவுக்கு வயது 68. தூக்கத்துக்காகப் பல வருடங்களாக இரவில் அல்பிரசோலம் 0.5 மி.கி. போடுகிறார். இப்போது படர்தாமரைக்குத் தோல் மருத்துவர் இட்ராகோனசோல் எழுதியிருக்கிறார். தூக்க மாத்திரை பற்றி மாமா அவரிடம் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது என்று அல்பிரசோலத்தின் குறிப்புச்சீட்டில் இருக்கிறது. கல்லீரலில் அதைச் சிதைக்கும் நொதியை இட்ராகோனசோல் தடுத்துவிடுமாம். அப்படியானால் அரை மில்லிகிராமே அவர் உடம்பில் பெரிய டோஸ் மாதிரி வேலை செய்யும். போதாததற்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) வேறு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெக். (நிறுத்தச் சொன்னால் சிரிக்கிறார்.) மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம் என்பதுதான் என் பயம்.

தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, வலிப்பு வரலாம். அதனால் புது மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை, நாளை தோல் மருத்துவரைப் பார்க்கிறோம். டெர்பினாஃபின் (பூஞ்சைத் தொற்றுக்கான வேறொரு மருந்து) அல்லது வெறும் களிம்பு போதுமா என்று கேட்கலாமா? சிஓபிடிக்காக வேறு என்ன கேட்க வேண்டும்? "எங்க தாத்தா ரெண்டும் சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை" வகைப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.