மறு: கழுத்தில் 'நிலையாமை' வேண்டாமே

எல்லோருக்கும் வணக்கம்.

கழுத்தின் மேல் எலும்புகள் தம் இடத்தில் நிற்காமல் நகர்வதை மருத்துவர்கள் 'இன்ஸ்டெபிலிட்டி' என்கிறார்கள், நோயாளிக்கான படிவத்தில் அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பேசும் இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். 'இன்ஸ்டெபிலிட்டி'க்கு 'நிலையாமை' என்றே முடித்துவிடலாம் என்ற பக்கம் பலரும் சாய்வதுபோலத் தெரிகிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. சொல்லில் பிழை இல்லை, அதை வைக்கிற இடம்தான் பிழை.

போன மாதம் ஒரு மருத்துவமனைக்காகக் கழுத்து அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொடுத்தபோது நானும் இதே சொல்லைத்தான் போட்டிருந்தேன். புரிகிறதா என்று பார்க்க ஒரு பெரியவரிடம் கொடுத்தோம். 'உங்கள் கழுத்தின் மேற்பகுதியில் நிலையாமை உள்ளது' என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, "தம்பி, இது யாருக்குத்தான் இல்லை?" என்றார். திருக்குறளில் 34ஆம் அதிகாரத்துக்கு அதுதானே தலைப்பு, நேற்று இருந்தவன் இன்று இல்லை என்று சொல்கிற அதிகாரம். கையெழுத்து வாங்கும் தாளில் அதைப் போய் வைக்கலாமா?

சரி, சொல் தேடுவதற்கு முன் அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். எங்கள் வீட்டில் கேழ்வரகு திரித்த திருகை இன்னும் பின்கட்டில் கிடக்கிறது. கீழ்க்கல்லின் நடுவில் ஒரு முளை, மேல்கல்லின் நடுவில் ஓட்டை, முளையைச் சுற்றி மேல்கல் சுழலும். கழுத்தின் முதல் எலும்பு வெறும் வளையம்தான், இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலெழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கிறது. 'இல்லை' என்று நாம் தலையைத் திருப்புவது பெரும்பாலும் இந்த மூட்டில்தான். ஆனால் திருகையில் முளை ஓட்டையை நிறைத்து நிற்கும், இங்கே அப்படியில்லை. வளையத்தின் உட்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு முளைக்கு, ஒரு பங்கு தண்டுவடத்துக்கு, மிச்சம் ஒரு பங்கு காலி இடம் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முளை பின்னால் நகர்ந்து தண்டுவடத்தை இடிக்காமல் வளையத்தின் முன்வளைவோடு சேர்த்துப் பிடித்துவைத்திருப்பது ஒரு குறுக்கு நார். (தசைநார் என்கிறோம், அதில் தசை எங்கே இருக்கிறது என்பது வேறு சண்டை, இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.)

நார் அறுந்தாலும் சரி, முளை உடைந்தாலும் சரி, போவது பிடி. அதனால்தான் 'பிடிதளர்வு' என்கிறேன். மருத்துவர் அளந்து பார்ப்பதும் இந்தப் பிடியைத்தான். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முன்வளைவுக்கும் முளைக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ., குழந்தைகளுக்கு 5 மி.மீ. தாண்டினால் சந்தேகப்படுவார்கள். ஆழமில்லாத கிணற்றில் தலைகீழாகக் குதித்தவருக்கு வளையமே வெடித்து விரிந்திருக்கலாம். ஜெஃபர்சன் என்ற மருத்துவர் 1920இல் விவரித்து எழுதிய முறிவு இது. வாயைத் திறக்கச் சொல்லி எடுக்கும் படத்தில், வளையத்தின் இரு பக்கமும் கீழ் எலும்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதைக் கூட்டினால் சுமார் 7 மி.மீ.க்கு மேல் வருகிறதா, குறுக்கு நாரும் போயிருக்கும் என்று கொள்வார்கள். இப்போது முதலில் சி.டி.தான், நாரைப் பார்க்க எம்.ஆர்.ஐ.

இழையில் கோவை மருத்துவர் முன்வைத்த 'உறுதியின்மை' சுத்தமான சொல்தான். ஆனால் படிக்கிறவர் எலும்பே வலுவிழந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். 'ஆட்டம்' எனக்கு மிகவும் பிடித்தது, பேரிங் ஆட்டம் கொடுக்கிறது என்று மெக்கானிக் சொல்வது அப்படியே பொருந்துகிறது. பேச்சில் தாராளமாகச் சொல்லலாம், எழுத்தில் 'கழுத்து ஆட்டம்' என்றால் தலை நடுக்கம் என்று நினைத்துவிடுவார்கள். நார் முழுதாக அறுந்திருக்கும்போது 'தளர்வு' மென்மையாக இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்திலும் டவுன் சிண்ட்ரோமிலும் அடிபடாமலேயே நார் தளர்ந்து இதே நிலை வரலாம், அவர்களுக்கும் சேர்த்துத்தானே சொல் வேண்டும்? அறுந்த இடத்தில் 'நார் அறுந்ததால் பிடிதளர்வு' என்று காரணத்தைச் சேர்த்து எழுதிவிட்டால் போயிற்று.

அப்புறம் முளையைப் 'பல்' என்பது. மருத்துவர்கள் சொல்லும் 'டென்ஸ்' லத்தீனில் பல் என்பதால் நமக்கும் பல்லா? 'பல் முறிவு' என்று எழுதி, வாயைத் திறக்கச் சொல்லிப் படமும் எடுத்தால், அவர் நேரே பல் டாக்டரிடம்தான் போவார். 'அச்சுமுளை' போதும். இந்த முளை முறிவில் 1974இலிருந்து புழங்கும் மூன்று வகைகளையும் எண்ணால் சொல்லாமல் நுனிமுறிவு, அடிமுறிவு, உடல்முறிவு (முளைக்குக் கீழே எலும்பின் உடற்பகுதியில் உடைவது) என்று சொல்லலாம். இரண்டாம் வகை என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'அச்சுமுளை அடிமுறிவு' என்றால் எங்கே உடைந்தது என்று தெரியும், வயதானவர்களுக்கு அது ஏன் எளிதில் ஒன்றுசேராது என்று விளக்கவும் வசதி.

'ஹேங்மேன்' (தூக்கிலிடுபவர்) என்று ஆங்கிலத்தில் சொல்லும் முறிவைத் 'தூக்கு முறிவு' என்று எழுத வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இன்று அது பெரும்பாலும் வாகன விபத்தில் வருவது. பைக்கிலிருந்து விழுந்தவரின் டிஸ்சார்ஜ் தாளில் 'தூக்கு' என்று இருந்தால் உறவினர்கள் என்ன நினைப்பார்கள், காப்பீட்டுக்காரர் என்ன கேட்பார்? கழுத்தின் இரண்டாம் எலும்பான அச்செலும்பில் இரண்டு பக்கமும் உடைவதால் 'அச்செலும்பு இருபுற முறிவு' என்று வைத்துக்கொள்வோம்.

சிகிச்சைப் பக்கம் எனக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. காலர் காலராகவே இருக்கட்டும். மண்டையோட்டில் திருகி மார்புக் கவசத்தோடு மாட்டும் 'ஹேலோ'வை யாரோ 'ஒளிவட்டம்' என்று எழுதியிருந்தார்கள், சாமிப் படம்தான் நினைவுக்கு வந்தது. 'தலைவளையம்' போதுமே. முதல் இரண்டு எலும்புகளிலும் திருகாணி போட்டு இறுக்கும் முறைக்கு (மும்பை அறுவை மருத்துவர் அதுல் கோயல் 1994இல் எழுதியது, பிறகு 2001இல் ஹார்ம்ஸ் என்ற மருத்துவர் மாற்றியமைத்தது) 'பிணைப்பு' என்று போட்டிருக்கிறேன். ஆனால் பிணைத்துவிட்டால் கழுத்தைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி போய்விடும், வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப வேண்டும். அது படிவத்தில் இருந்தே ஆக வேண்டும், 'அசைவுக் கட்டுப்பாடு' என்பதற்குள் ஒளித்துவைக்கக்கூடாது.

யாழ்ப்பாண நண்பர் தண்டுவடத்துக்குப் பதில் 'முண்ணாண்' கேட்டிருந்தார். அங்கே போகிற படிவத்துக்குத் தனிப்படி போட்டுவிடலாம். திருத்திய படிவத்தை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். 'பிடிதளர்வு'க்கு மாற்று இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.