மென்பொருளில் எல்லா லெவலும் முடித்த பிள்ளை, தாளில் ஒரு வரி வாசிக்க முடியாமல் நிற்கிறாள். உதவி வேண்டும்

வியாசை மாலை வகுப்பு:
எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் தெருவிலேயே ஒரு மொட்டை மாடி அறையில் மாலை 6 முதல் 8 வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தபோது தொடங்கியது, அப்படியே தொடர்கிறது. இப்போது 14 பேர் வருகிறார்கள். மூன்றாவது முதல் ஆறாவது வரை, எல்லாருமே தமிழ் மீடியம். இரண்டு பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்.

கையில் நான்கு லேப்டாப் இருக்கிறது. அதில் இரண்டு, அக்கம்பக்கத்து அக்காக்கள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப். நெட் நம்ப முடியாது என்பதால், நெட் இல்லாமல் ஓடும் ஒரு இலவச ஆங்கில வாசிப்பு மென்பொருளைப் போட்டிருக்கிறேன். படம் வரும், ஒரு குரல் சொல்லைச் சொல்லும், கீழே நான்கு சொற்கள் இருக்கும், சரியானதைத் தொட வேண்டும். தொட்டால் நட்சத்திரம்.

மூன்று மாதத்தில் ஐந்தாவது படிக்கும் ஒரு பெண் ஆறு லெவலையும் முடித்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். போன வாரம் அதே சொற்களில் 20 எடுத்து, படம் இல்லாமல் தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். ஐந்துதான் வாசித்தாள். மற்றதற்கெல்லாம் தாளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மென்பொருளை மாற்ற வேண்டுமா? அதில் வரும் அமெரிக்க உச்சரிப்புதான் காரணமா? இல்லை, நான் சொல்லிக்கொடுக்கும் விதத்திலேயே கோளாறா?

ராயபுரம் சிஸ்டம் சர்வீஸ்:
அக்கா, மென்பொருளை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. அதே பொண்ணை அதே லெவல்ல உட்கார வைங்க. முதல்ல சவுண்டை மியூட் பண்ணிட்டு ஆட விடுங்க. அப்புறம் சவுண்டும் இல்லாம, படத்தையும் ஒரு அட்டையால மறைச்சிட்டு ஆட விடுங்க. ரெண்டுலயும் எவ்ளோ வருதுன்னு எழுதி வைங்க. இன்னொன்னு, தப்பான சொல்லைத் தொட்டா என்ன ஆகுது? மறுபடியும் தொட விடுதா?

வியாசை மாலை வகுப்பு:
தம்பி, இன்று செய்து பார்த்தேன். மியூட் பண்ணினால் கொஞ்சம் தடுமாறினாள், ஆனால் படத்தைப் பார்த்து முக்கால்வாசி தொட்டுவிட்டாள். முதல் எழுத்தை மட்டும் பார்க்கிறாள். நாய் படம் வந்தால் 'டி'யில் தொடங்கும் சொல்லைத் தேடுகிறாள், அவ்வளவுதான். படத்தையும் மறைத்ததும் கையை எடுத்துவிட்டாள்.

தப்பாகத் தொட்டால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், பிறகு மறுபடியும் தொடலாம். மார்க் குறைவதில்லை. நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தே அடுத்ததற்குப் போய்விடலாம். இதை நான் மூன்று மாதம் கவனிக்கவே இல்லை.

தண்டையார்பேட்டை டீச்சர்:
அம்மா, நான் மாநகராட்சிப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிள்ளை மேலும் தப்பு இல்லை, உங்கள் மேலும் தப்பு இல்லை. அந்த மென்பொருள் அவளுக்கு வாசிக்க வேண்டிய தேவையையே வைக்கவில்லை. காது பாதி வேலையைச் செய்தது, படம் மீதியைச் செய்தது. எழுத்தைக் கண் தொடுவதற்குள் விடை வந்துவிட்டது. அவள் கற்றுக்கொண்டது கேட்டுப் புரிவதும் படம் பார்த்து ஊகிப்பதும். அவையும் தேவைதான், ஆனால் எழுத்துக்கூட்டுவது வேறு வேலை.

1986-ல் காஃப், டன்மர் என்று இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள். வாசித்துப் புரிதல் என்பது எழுத்துக்கூட்டுதலும் மொழியறிவும் ஒன்றையொன்று பெருக்குவது. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யம் என்றால் மொத்தமும் பூஜ்யம். உங்கள் பெண்ணுக்குச் சொல்லின் பொருள் தெரிகிறது, எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. இதற்கு நேர் எதிரான பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்: கடகடவென்று வாசிப்பார்கள், என்ன வாசித்தாய் என்றால் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். அவள் எப்படி எழுத்துக்கூட்டுகிறாள்? நோட்டுப் புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லின் தலைமேல் தமிழில் எழுதி வைத்திருக்கிறாளா?

வியாசை மாலை வகுப்பு:
ஆமாம் டீச்சர். 14 பேரில் 11 பேர் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டச் சொன்னால் "சி, ஏ, டி, கேட்" என்று பாட்டு மாதிரி சொல்கிறார்கள். ஒலியைச் சொல்லிக் கூட்டு என்றால் "பு... ஆ... டு" என்று சொல்லி, "புஆடு" என்று நின்றுவிடுகிறார்கள்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
நான் நினைத்தது சரிதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சி, ஏ, டி" என்பது எழுத்தின் பெயர், ஒலி இல்லை. பெயர்களைச் சேர்த்தால் "சியேடி" என்றுதான் வரும். "பு, டு" என்று வருவதற்குக் காரணம் நம் நாக்கு. க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது நமக்கு வராது, ஒரு சின்ன உகரத்தைச் சேர்த்துவிடுவோம். பஸ்ஸு, லைட்டு, கேட்டு என்று நாம் எல்லாருமே பேசுகிறோமே.

ஆனால் நம் பிள்ளைகளிடம் ஒரு சொத்து இருக்கிறது, அதை யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. க் கூட்டல் அ என்றால் க. ப் கூட்டல் இ என்றால் பி. உயிர்மெய் அட்டவணையை இரண்டாம் வகுப்பிலேயே தலைகீழாகச் சொல்வார்கள். ஒலிகளைச் சேர்ப்பது அவர்களுக்குத் தெரிந்த வித்தை. ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிகளும் சேராமல், மெய் தனியாகவும் உயிர் தனியாகவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று காட்டினால் போதும். "இது புள்ளி வைத்த ப், இது இ, சேர்த்தால் என்ன?" என்று கேளுங்கள். "பு" என்று சொன்னால், "புள்ளியை எங்கே விட்டாய்?" என்று கேளுங்கள். உடனே திருத்திக்கொள்வார்கள்.

அடுத்தது, தலைமேல் தமிழில் எழுதுவது. அதைத் திட்டாமல் நிறுத்துங்கள். "பேக்" என்று எழுதி வைத்தால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, அடுப்பில் வைத்துச் சுடுவதா? ஆங்கிலத்தில் நான்கும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி. தமிழில் எழுதினால் நான்கும் ஒன்றுதான். பெரியது என்பதும் "பிக்", பன்றி என்பதும் "பிக்". பிள்ளை தமிழைத்தான் வாசிக்கிறாள், ஆங்கில எழுத்தின் பக்கம் கண் போவதே இல்லை.

தமிழில் ஒரு ப-தான் இருக்கிறது, ஆனால் வாயில் இரண்டு இருக்கிறது. "பம்பரம்" சொல்லச் சொல்லித் தொண்டையில் விரலை வைக்கச் சொல்லுங்கள். முதல் ப-வுக்குத் தொண்டை அதிராது, ம்-க்குப் பின்னால் வரும் ப-வுக்கு அதிரும். "கிழங்கு" சொல்லும்போது க-வுக்கும் அப்படியே. பம்பரத்தின் முதல் ப ஒரு ஆங்கில எழுத்து, இரண்டாவது ப இன்னொரு ஆங்கில எழுத்து என்று சொல்லுங்கள். மறக்கவே மாட்டார்கள்.

உச்சரிப்பு பற்றிக் கேட்டீர்கள். முதல் காரணம் அது இல்லை. ஆனால் அமெரிக்கக் குரலில் தண்ணீர் "வாடர்" என்றுதான் காதில் விழும், நடுவில் வரும் எழுத்து தேய்ந்துவிடும். ட-வின் இரண்டு ஒலிகளைப் பிரிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு அது கூடுதல் சுமை. உங்கள் குரலையே பதிவு செய்து போட்டால் நல்லது.

கொருக்குப்பேட்டை அப்பா:
நான் வேறு மாதிரி நினைக்கிறேன். போர்டும் சாக்பீஸும் இருந்தால் போதும், எதற்குக் கம்ப்யூட்டர்? எங்கள் காலத்தில் அப்படித்தான் படித்தோம். டீச்சர் இவ்வளவு அழகாகச் சொன்னதில் எதற்குமே லேப்டாப் தேவைப்படவில்லையே.

வியாசை மாலை வகுப்பு:
அண்ணா, நீங்கள் சொல்வதை நானும் யோசித்தேன். ஆனால் 14 பேருக்கு நான் ஒருத்தி. ஒருவரை வாசிக்க வைத்துக் கேட்கும்போது மற்ற 13 பேர் சும்மா இருக்கிறார்கள். ஒரே சொல்லை முப்பது தடவை சலிக்காமல் சொல்ல எனக்கு முடியாது, மெஷினுக்கு முடியும். அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஆறாவது படிக்கும் ஒரு பையன், மூன்றாவது படிக்கும் தன் தங்கைக்கு முன்னால் தப்பாக வாசிக்கக் கூசுகிறான். ஹெட்போன் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் வாய் திறக்கிறான். அதற்காகவே எனக்கு லேப்டாப் வேண்டும்.

ராயபுரம் சிஸ்டம் சர்வீஸ்:
அக்கா, அப்போ நம்மளே செஞ்சுடலாம், பெரிய வேலை இல்ல. லேப்டாப்புல பாஸ் லினக்ஸோ விண்டோஸோ எது இருந்தாலும், லிப்ரேஆபிஸ் இம்ப்ரெஸ்னு ஸ்லைடு செய்யற இலவச மென்பொருள் ஓடினா போதும். பழைய லேப்டாப்புக்கு அது பாரமே இல்ல.

ஒரு சொல்லுக்கு மூணு ஸ்லைடு. முதல் ஸ்லைடுல சொல் மட்டும், பெரிய எழுத்துல. சவுண்டு கிடையாது, படம் கிடையாது. பிள்ளை வாய்விட்டு வாசிச்சுட்டுத்தான் ஸ்பேஸ் பாரைத் தட்டணும். ரெண்டாவதுல அதே சொல், கூடவே உங்க குரல். மூணாவதுல படம். முதல்ல எழுத்து, அப்புறம் பிள்ளையோட வாய், அப்புறம் காது, கடைசியா கண்ணுக்குப் படம். உங்க மென்பொருள் இதை அப்படியே தலைகீழா வச்சிருந்துச்சு.

குரலை ஆடாசிட்டின்னு இருக்கற இலவச ஒலிப்பதிவு மென்பொருள்ல பதிவு பண்ணி, முன்னாடி பின்னாடி இருக்கற வெத்து இடத்தை வெட்டிட்டு, வேவ் ஃபைலா எடுங்க. இம்ப்ரெஸ்ல ஸ்லைடு டிரான்சிஷன்ல, அதாவது ஒரு ஸ்லைடு அடுத்ததுக்கு மாறறதை அமைக்கற பகுதியில, சவுண்டுன்னு ஒரு இடம் இருக்கும், அங்க அந்த ஃபைலைக் கொடுத்தா ஸ்லைடு வரும்போதே பேசும். மொட்டை மாடின்னா காத்து சத்தம் வரும், ராத்திரி 10 மணிக்கு மேல ரூமை சாத்திக்கிட்டு பதிவு பண்ணுங்க. மொபைல் ஹெட்செட் மைக்கே போதும்.

ரெண்டு பேருக்கு ஒரு லேப்டாப் கொடுங்க. ஒருத்தர் வாசிக்கணும், இன்னொருத்தர் கையில பென்சிலும் தாளும். ரெண்டாவது ஸ்லைடு குரலோட ஒத்துப்போச்சா இல்லையான்னு டிக் போடணும். அப்போ வாய் திறக்காம தட்டிட்டுப் போக முடியாது.

விளையாட்டாவும் ஒண்ணு வேணும்னா ஜிகாம்ப்ரிஸ் போடுங்க. 2000-ல தொடங்கின இலவச மென்பொருள், நெட் இல்லாம ஓடும். அதுல வாசிப்புப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. ஒரு சொல்லைக் காட்டும், அப்புறம் சொற்கள் வரிசையா வந்து மறையும், முதல்ல காட்டின சொல் அதுல இருந்துச்சா இல்லையான்னு கேக்கும். படம் கிடையாது, எழுத்தைப் பாத்தே ஆகணும். ஆனா படத்தோட வர்ற மத்த விளையாட்டுகளை முதல் மாசம் தொடாதீங்க.

திருவொற்றியூர் அம்மா:
என் பையனுக்கும் இதே நிலைதான், படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. சொல் சொல்லாக வாசித்த பிறகு, வரியாக வாசிக்க என்ன கொடுப்பது?

தண்டையார்பேட்டை டீச்சர்:
பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமற்ற பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் சின்னச் சின்னக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, படிநிலை பிரித்தே வைத்திருக்கிறார்கள். முதல் படியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். நிறையக் கதைகள் தமிழிலும் இருக்கின்றன. முதலில் தமிழில் கதையைப் படித்துச் சிரித்துவிட்டு, பிறகு அதே கதையை ஆங்கிலத்தில் கொடுங்கள். பொருள் முன்பே தெரிவதால் பிள்ளையின் முழு பலமும் எழுத்தில் இருக்கும். ஒரே பக்கத்தை மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வாசிக்க விடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1979-ல் ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இப்படித் திரும்ப வாசிப்பதைப் பற்றி எழுதியதற்குப் பிறகு, ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைகளுக்கும் பல பள்ளிகளில் அப்படிச் செய்கிறார்கள்.

கூட்டினால் வராத சொற்கள் சில இருக்கின்றன: "வாஸ்" (இருந்தது), "செட்" (சொன்னான்), "ஒன்" (ஒன்று) போன்றவை. அவற்றை முகம் பார்த்துப் பழகுவது போலப் பழக வேண்டியதுதான். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களாக டால்ச் என்பவர் 1936-ல் தொகுத்த 220 சொற்கள் இருக்கின்றன, அவற்றில் கூட்ட வராதவற்றை மட்டும் எடுத்து வாரத்துக்கு ஐந்து சொல்லிக்கொடுங்கள்.

வியாசை மாலை வகுப்பு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 60 சொற்களுக்கு ஸ்லைடு செய்துவிட்டேன், எல்லாம் என் குரல். முதல் நாள் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, "நட்சத்திரம் எங்கக்கா?" என்று கேட்டார்கள். இரண்டு பேர் பழையதுதான் வேண்டும் என்று அழுதார்கள். நான்காவது நாளிலிருந்து பென்சில் பிடிக்கத்தான் சண்டை.

அந்தப் பெண்ணிடம் பழைய 20 சொல் தாளையே வரிசை மாற்றிக் கொடுத்தேன். 13 வாசித்தாள். "பெரிய பிக்", "பன்றி பிக்" இரண்டையும் தொண்டையில் விரல் வைத்துப் பிரித்துச் சொன்னாள். என் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தாள், அதுவும் சரியாகச் சொல்லிவிட்டு.

தெலுங்கு பேசும் இரண்டு பேருக்கும் ப-வின் இரண்டு ஒலிகளும், க-வின் இரண்டு ஒலிகளும் முதல் நாளே பிரிந்துவிட்டன. அவர்களையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருக்கிறேன்.

இப்போது புதிதாக ஒரு முட்டுக்கட்டை. காத்தாடிக்கு ஆங்கிலத்தில் "கைட்" என்று ஸ்லைடு வந்ததும் எல்லாரும் "கிட்டெ" என்கிறார்கள். "கடைசியில நிக்கற 'ஈ' எதுக்குக்கா, அது சத்தமே போடலையே?" என்று ஆறாவது பையன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. சிலர் "மந்திர எழுத்து" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆனால் மந்திரம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

தண்டையார்பேட்டை டீச்சர்:
அந்தப் பையனுக்கு என் முத்தம். "கொ" எழுதச் சொல்லுங்கள். க-வுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் துணைக்கால். கொம்புக்குத் தனிச் சத்தம் உண்டா? காலுக்கு உண்டா? இரண்டும் க-வை நடுவில் வைத்துக்கொண்டு சேர்ந்து ஒரே ஒலியைத் தருகின்றன. "கைட்" என்ற சொல்லிலும் 'ஐ' எழுத்து முன்னால் நிற்கிறது, 'ஈ' பின்னால் நிற்கிறது, நடுவில் ஒரு மெய். இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. கொம்பையும் காலையும் ஒரே நிறத்தில் காட்டுவது போல, ஸ்லைடில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, "ஹேவ்", "கிவ்" என்று சில மீறும். அவற்றை இப்போது காட்ட வேண்டாம்.

ராயபுரம் சிஸ்டம் சர்வீஸ்:
அக்கா, கலர் மாத்தும்போது ஒவ்வொரு ஸ்லைடாப் போகாதீங்க, ஒண்ணு செஞ்சு காப்பி பண்ணி எழுத்தை மட்டும் மாத்துங்க. திருவொற்றியூர் அக்காவுக்கும் ஃபைல் வேணும்னா பென் டிரைவ்ல போட்டுத் தரேன். ஆனா குரல் மட்டும் அவங்களே பதிவு பண்ணட்டும். பையன் அம்மா குரலுக்குத்தான் வாசிப்பான்.