ஜிபிஏ 2.3 தான், எம்எஸ்சி ஃபைனான்ஸ் கிடைக்குமா? அவசர உதவி

டோங்காட்_பையன் (ஞாயிறு இரவு 11:52)
எல்லோருக்கும் வணக்கம். என் ஜிபிஏ, அதாவது 4க்குப் போடும் மதிப்பெண் சராசரி, 2.3. எம்எஸ்சி ஃபைனான்ஸ் சேர வேண்டும். பார்த்த இடத்திலெல்லாம் 3.0 கேட்கிறார்கள். ஜிமேட் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் சரிக்கட்டிவிடலாமா, இல்லை சிஎஃப்ஏ என்ற நிதித்துறைச் சான்றிதழ்த் தேர்வு எழுதுவதா? குறைந்த மதிப்பெண்ணோடு யாருக்காவது இடம் கிடைத்திருந்தால் எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லுங்கள். விண்ணப்பக் கெடு நெருங்குகிறது. அவசரம்.

வெஸ்ட்வில்_அக்கா (திங்கள் காலை 6:20)
தம்பி, எந்த நாட்டுக்குப் போடுகிறீர்கள்? இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே படித்தவரா? இங்கே படித்திருந்தால் அகடமிக் ரெக்கார்டில் விழுக்காடுதானே இருக்கும். 2.3 என்ற எண் எங்கிருந்து வந்தது?

மிட்ராண்ட்_தமிழ் (திங்கள் காலை 7:05)
சிஎஃப்ஏ எழுதுங்கள், வேறு யோசனையே வேண்டாம். முதல் நிலையில் 180 கேள்விகள், ஒரே நாளில் இரண்டு அமர்வுகள். உங்கள் பழைய மதிப்பெண்ணை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். என் அலுவலகத்தில் மூன்று பேர் அப்படித்தான் மேலே வந்தார்கள். இன்றே ஒரு பிஏ 2 பிளஸ் கால்குலேட்டர் வாங்கிவிடுங்கள். அதுவும் எச்பி 12சியும்தான் தேர்வறைக்குள் அனுமதி.

லெனேசியா_வாசி (திங்கள் காலை 7:31)
பிகாமா, பிஎஸ்சியா? 3 ஆண்டா, 4 ஆண்டா? கணிதம் எதுவரை படித்தீர்கள்? இதெல்லாம் தெரியாமல் யார் என்ன சொல்ல முடியும்?

கணக்கர்73 (திங்கள் காலை 9:14)
தம்பி, முதலில் கேள்வி கேட்கும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். இந்தக் குழுவில் மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், தேடிப் பார்த்தால் பழைய பதில்களே போதும். இந்த நாட்டில் பிகாம் முடித்தவர் நேராக முதுகலைக்குப் போக முடியாது. படிப்புகளை நிலை வாரியாக அடுக்கும் நாட்டின் தகுதிச் சட்டகத்தில் பிகாம் 7ஆம் நிலை, பிகாமுக்குப் பின் படிக்கும் ஆனர்ஸும் பட்டமேற்படிப்பு டிப்ளமாவும் 8, முதுகலை 9. எட்டைத் தாண்டாமல் ஒன்பதுக்கு எப்படிப் போவீர்கள்? இதுகூடத் தெரியாமல் ஜிமேட் பற்றி விசாரிக்கிறீர்கள்.

டோங்காட்_பையன் (திங்கள் மதியம் 1:08)
மன்னிக்கவும், வேலையில் இருக்கிறேன். டர்பன்தான். பிகாம், 3 ஆண்டுப் பட்டம். சராசரி 57. அதை 25ஆல் வகுத்தேன், 2.28 வந்தது. இங்கே கிடைத்தாலும் சரி, இங்கிலாந்து, அமெரிக்கா எது கிடைத்தாலும் சரி.

மிட்ராண்ட்_தமிழ் (திங்கள் மதியம் 1:26)
25ஆல் வகுப்பது சரியான முறைதான். 100க்கு 4 என்றால் 25க்கு 1. ஊரில், இந்தியாவில், சிபிஎஸ்இ பள்ளிகளில் தரப்புள்ளியை 9.5ஆல் பெருக்கி விழுக்காடு போட்டார்களே, அதுபோலத்தான் இதுவும்.

கணக்கர்73 (திங்கள் மதியம் 1:40)
சரியே இல்லை. இங்கே 75 வாங்கினால் டிஸ்டிங்ஷன். உங்கள் கணக்குப்படி அது 3.0. டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளை அமெரிக்காவில் சராசரி மாணவனாகிவிடுவானா? இங்கே மதிப்பெண் போடும் கை இறுக்கம். அதை நூற்றுக்கு நூறு அள்ளிக் கொடுக்கும் ஊர்க் கணக்கோடு எப்படி ஒப்பிடுவது?

மிட்ராண்ட்_தமிழ் (திங்கள் மதியம் 1:52)
அப்படியென்றால் எதை எதால் வகுப்பது? விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஏதாவது எண் போட்டுத்தானே ஆக வேண்டும்? ஊரில் முதல் வகுப்புக்கு 60 போதும், இங்கே 75 வேண்டும். அதற்காக இரண்டு பட்டத்தில் ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்பீர்களா?

லெனேசியா_வாசி (திங்கள் மாலை 4:10)
இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். என் அக்கா மகள் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தபோது பல இடங்களில் தெளிவாகவே போட்டிருந்தார்கள்: நீங்களாக மாற்ற வேண்டாம், உங்கள் நாட்டு அளவிலேயே எழுதுங்கள், மாற்றுவது எங்கள் வேலை. வேறு சில இடங்கள் டபிள்யூஈஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை கேட்டன. அவர்கள் பாடம் பாடமாகப் பார்த்து எழுத்துத் தரம் போடுகிறார்கள். மொத்தச் சராசரியை எதாலும் வகுப்பதில்லை.

கணக்கர்73 (திங்கள் மாலை 4:22)
இதைத்தான் நானும் சொன்னேன்.

வெஸ்ட்வில்_அக்கா (திங்கள் மாலை 6:45)
வகுத்தல் பெருக்கலை விடுங்கள், பிள்ளை கேட்டது அதையல்ல. தம்பி, 57 என்பது மூன்று ஆண்டையும் கலந்த எண். ஆண்டு வாரியாகச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டு ஃபைனான்ஸில் எவ்வளவு? ஏதாவது பாடத்தில் டிபி, அதாவது தேர்வு எழுதும் தகுதி, போயிருக்கிறதா?

டோங்காட்_பையன் (திங்கள் இரவு 10:37)
முதல் ஆண்டு 63. இரண்டாம் ஆண்டு 44. மூன்றாம் ஆண்டு 64, ஃபைனான்ஸ் மட்டும் 66. இரண்டாம் ஆண்டு 2022. ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் எங்கள் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்பா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார், அம்மாவுக்கு முழங்கால் வலி. டேங்கர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 20 லிட்டர் டப்பாக்களை வரிசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாக வேண்டும், நகர்ந்தால் இடம் போய்விடும். டுடோரியல் போனது, ஒரு டெஸ்ட் போனது, புள்ளியியலில் டிபி போனது. அடுத்த ஆண்டு அதையே மறுபடி எடுத்து 58 வாங்கினேன். இப்போது உம்லாங்காவில் ஒரு காப்பீட்டுத் தரகர் அலுவலகத்தில் வேலை. நிதி ஆலோசனை வேலைக்கான ஆர்ஈ5 தேர்வில் தேறிவிட்டேன்.

ஃபீனிக்ஸ்_மாமி (செவ்வாய் காலை 5:55)
ஐயோ கண்ணு, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! விண்ணப்பக் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுது, ஒன்று விடாமல். அந்த வெள்ளத்தில் எத்தனை குடும்பம் நடுத்தெருவில் நின்றது. கடிதத்தைப் படிக்கிறவர்களும் மனிதர்கள்தானே, புரிந்துகொள்வார்கள்.

கணக்கர்73 (செவ்வாய் காலை 8:30)
ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பேன். இரக்கம் கேட்டு வாங்கும் இடம் நிலைக்காது. என் அப்பா சாலிஸ்பரி தீவுக் கல்லூரியில் படித்தவர். இந்தியர்களுக்கென்று 1961இல் அந்தத் தீவில் தனியாகக் கல்லூரி வைத்தார்கள், பிள்ளைகள் துறைமுகத்திலிருந்து படகில் போய் வந்தார்கள். அந்தத் தலைமுறை எந்தக் கடிதத்திலும் தன் கஷ்டத்தை எழுதவில்லை. மதிப்பெண்ணால் பேசியது.

ஃபீனிக்ஸ்_மாமி (செவ்வாய் காலை 8:47)
எழுதினால் படிக்க அன்று யார் இருந்தார்கள்? கேட்க ஆள் இல்லாததால் எழுதவில்லை. என் அண்ணனும் அந்தப் படகில் போனவன்தான். மழை நாளில் நனைந்த சட்டையோடே வகுப்பில் உட்கார்ந்திருப்பான். காய்ச்சலோடு தேர்வு எழுதித் தோற்றான், அப்புறம் படிப்பையே விட்டுவிட்டான். அவனுக்கு ஒரு கடிதம் எழுத வழி இருந்திருந்தால் எங்கள் வீடே வேறு மாதிரி இருந்திருக்கும். பொறுத்துக்கொண்டதைப் பெருமையாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கணக்கர்73 (செவ்வாய் காலை 9:02)
உங்கள் அண்ணனைப் பற்றிக் கேட்க வருத்தமாக இருக்கிறது அம்மா. ஆனாலும் என் கருத்து அதேதான். சேர்க்கைக் குழுவிடம் நூற்றுக்கணக்கான விண்ணப்பம் வரும், எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒன்று நடந்திருக்கும்.

மிட்ராண்ட்_தமிழ் (செவ்வாய் காலை 9:20)
இதற்குத்தான் சொன்னேன், சிஎஃப்ஏயில் கடிதமே கிடையாது.

வெஸ்ட்வில்_அக்கா (செவ்வாய் இரவு 8:15)
பட்டமேற்படிப்பு விண்ணப்பங்கள் வந்து குவியும் அலுவலகத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். எங்கே என்று சொல்ல வேண்டாம். அந்த மேசையில் நடப்பதைச் சொல்கிறேன்.

அகடமிக் ரெக்கார்டைக் கையில் எடுப்பவர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பார்ப்பார். மூன்றாம் ஆண்டு முதன்மைப் பாடத்தைத் தேடி, அந்த எண்ணைப் பேனாவால் வட்டமிடுவார். ஆனர்ஸுக்குப் பல இடங்களில் கேட்பது அந்தப் பாடத்தில் 60 அல்லது 65. உங்கள் 66க்கு வட்டம் விழும். அப்புறம்தான் முன்பக்கம் திருப்புவார், புள்ளியியலுக்கு எதிரே டிபி மறுக்கப்பட்ட குறி இருக்கும். அங்கே அவர் கை நிற்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் கடிதம்.

ஆகவே கணக்கர் ஐயா சொல்வதுபோல் எழுதாமல் விட்டால் அந்தக் குறிக்கு அவரே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார், பெரும்பாலும் சோம்பல் என்று. மாமி சொல்வதுபோல் எல்லாவற்றையும் எழுதினால் ஃபைனான்ஸ் பற்றி எழுத இடம் இருக்காது. மூன்று வரி போதும். 2022 ஏப்ரல் வெள்ளம், வீட்டில் தண்ணீர் இல்லாத மாதங்கள், டிபி போன பாடம், அடுத்த ஆண்டு அதே பாடத்தில் 58, இறுதி ஆண்டில் 64. பெயரடை வேண்டாம். கடிதத்தின் நடுவில் வையுங்கள், தொடக்கத்தில் வேண்டாம். மிச்சமெல்லாம் உங்கள் வேலையைப் பற்றி இருக்கட்டும். தரகர் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் ஓய்வூதியத் திட்டத்தைப் பார்த்து உங்களுக்கு எழுந்த கேள்வி ஏதாவது இருக்கும், அதை எழுதுங்கள்.

உங்கள் உண்மையான பலவீனம் 57 இல்லை. எண் சார்ந்த பாடத்தில் 58 தான் இருக்கிறது. ஃபைனான்ஸ் துறை அங்கேதான் தயங்கும். தொலைதூரக் கல்வி தரும் யுனிசா பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு அல்லாமல் தனிப் பாடமாக எடுக்க வழி உண்டு. வேலை பார்த்துக்கொண்டே புள்ளியியலிலோ அளவைப் பொருளியலிலோ (எகனோமெட்ரிக்ஸ்) ஒரு பாடம் எடுத்து 70க்கு மேல் வாங்கினால், அந்த ஒரு தாள் ஜிமேட்டை விட உங்களுக்கு உதவும். பதிவுக் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

ஜிமேட் இங்குள்ள ஆனர்ஸுக்குப் பொதுவாகத் தேவைப்படாது. வெளிநாட்டுக்கு என்றால் பயன் உண்டு. இப்போதுள்ள தேர்வு 2 மணி 15 நிமிடம், 64 கேள்விகள், மதிப்பெண் 205 முதல் 805 வரை. கணிதப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 21 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. எண்ணில் நீங்கள் தேறியவர் என்று காட்டுவது அந்தப் பகுதிதான். கட்டணம் டாலரில் என்பதால் தயாராகாமல் பணம் கட்டாதீர்கள்.

சிஎஃப்ஏ நல்ல படிப்பு, மிட்ராண்ட் தம்பி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் முதல் நிலை தேறியதால் மட்டும் 8ஆம் நிலைத் தகுதி வந்துவிடாது. இந்த நாட்டில் முதுகலைக்கு அந்தப் படி வேண்டும்.

அமெரிக்காவில் பல இடங்களில் 4 ஆண்டுப் பட்டத்துக்கு நிகராகக் கேட்பார்கள், அங்கேயும் ஆனர்ஸ் ஆண்டுதான் கைகொடுக்கும். இங்கிலாந்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நாடு வாரியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறது, தென்னாப்பிரிக்கா என்று தேடுங்கள். 3 ஆண்டு பிகாம் போதுமா, ஆனர்ஸ் வேண்டுமா என்று அதில் இருக்கும்.

லெனேசியா_வாசி (செவ்வாய் இரவு 8:50)
அக்கா, ஆனர்ஸுக்கும் பட்டமேற்படிப்பு டிப்ளமாவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் 8ஆம் நிலைதானே?

வெஸ்ட்வில்_அக்கா (செவ்வாய் இரவு 9:04)
நிலை ஒன்றுதான். ஆனர்ஸில் ஆய்வுக் கட்டுரை இருக்கும், டிப்ளமா தொழில் சார்ந்தது. பிற்பாடு ஆய்வு முதுகலை செய்ய ஆனர்ஸ் நல்லது. நிதித் திட்டமிடலில் சிஎஃப்பி, அதாவது சான்று பெற்ற நிதித் திட்டமிடுநர், ஆக வேண்டுமென்றால் அதற்கென்று தனி டிப்ளமாவே இருக்கிறது. தம்பி காப்பீட்டில் இருப்பதால் அதையும் பார்க்கலாம். சில இடங்களில் டிப்ளமாவுக்கு நுழைவு மதிப்பெண் கொஞ்சம் இளகும்.

கணக்கர்73 (செவ்வாய் இரவு 9:30)
மூன்று வரி என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் போனால் இல்லை. அரசின் என்எஸ்எஃப்ஏஎஸ் உதவித்தொகை ஆனர்ஸுக்குப் பொதுவாக வராது, பணத்துக்கு இப்போதே வழி பார்க்க வேண்டும். வங்கித் துறைப் பயிற்சிக்கான பேங்க்செட்டா, காப்பீட்டுத் துறைப் பயிற்சிக்கான இன்செட்டா என்ற இரண்டு அமைப்புகளையும் பாருங்கள். காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவருக்கு இன்செட்டா பொருந்தும். முதலாளியிடம் கேட்கவும் கூச்சப்படாதீர்கள், பயிற்சி வரி கட்டுகிற நிறுவனங்களுக்கு அதில் ஒரு பங்கைத் திரும்பப் பெற வழி இருக்கிறது.

ஃபீனிக்ஸ்_மாமி (புதன் காலை 6:12)
கண்ணு எங்கே போனாய்? இவ்வளவு பேர் எழுதியிருக்கிறார்கள்.

லெனேசியா_வாசி (வெள்ளி மாலை 5:40)
ஆளையே காணோம். கெடு முடிந்துவிட்டதா?

டோங்காட்_பையன் (அடுத்த புதன் இரவு 11:18)
எல்லோருக்கும் நன்றி. டர்பனில் ஒன்றும் ஜோகன்னஸ்பர்க்கில் ஒன்றும் ஆனர்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டேன். வெள்ளம் பற்றி மூன்று வரி, நடுவில். யுனிசா பதிவு இன்னும் திறக்கவில்லை. ஜிமேட் இப்போதைக்கு இல்லை. இன்செட்டா பற்றி மேலாளரிடம் கேட்டேன், மனிதவளப் பிரிவிடம் பேசிச் சொல்வதாகச் சொன்னார்.

வெஸ்ட்வில்_அக்கா (வியாழன் காலை 6:05)
நல்லது தம்பி. மூன்றாம் ஆண்டில் பாடம் எடுத்த விரிவுரையாளர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிட்டீர்களா? 66 வாங்கிய வகுப்பின் ஆசிரியரிடமே கேளுங்கள். உங்கள் அகடமிக் ரெக்கார்டையும் கூடவே அனுப்பினால் அவருக்கு எழுத எளிதாக இருக்கும்.