ஜின்ஜா: ஒரு டெம்ப்ளேட்டில் வைத்த மாறி இன்னொன்றில் காலியாக வருகிறது

கேள்வி
எங்கள் ஊர் நூலகத்துக்கு ஃபிளாஸ்க்கில் (பைத்தானில் வலைத்தளம் செய்ய உதவும் கருவி) ஒரு சின்ன தளம் செய்துகொண்டிருக்கிறேன். பக்கங்களின் அச்சான டெம்ப்ளேட்டுகளை அதனுடன் வரும் ஜின்ஜா நிரப்பித் தருகிறது. நூலகத்தின் பெயர், போன் நம்பர், திறக்கும் நேரம் மூன்றும் எல்லாப் பக்கத்திலும் வர வேண்டும். அதனால் அவற்றைத் தனி டெம்ப்ளேட் ஒன்றில் செட் போட்டு (மாறிக்கு மதிப்புக் கொடுத்து) வைத்து, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான பேஸ் கோப்பின் முதல் வரியில் இன்க்ளூட் செய்தேன். பக்கம் பிழை இல்லாமல் திறக்கிறது. ஆனால் அடியில் "தொடர்புக்கு:" என்று மட்டும் இருக்கிறது, அதற்குப் பிறகு நம்பர் இல்லை. செட் போட்ட கோப்புக்குள்ளேயே அச்சிட்டால் நம்பர் வருகிறது. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நூலகரிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பதில் 1
இன்க்ளூட் ஒருவழிப் பாதை. பேஸில் இருக்கும் மாறி உள்ளே வரும் கோப்புக்குத் தெரியும். அங்கே செட் செய்தது வெளியே வராது. பி.எச்.பி.யில் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவது சகஜம். அதில் இன்க்ளூட் செய்த கோப்பின் மாறி, அழைத்த கோப்பிலும் கிடைக்கும்.

பதில் 2
இந்த மூன்றையும் டெம்ப்ளேட்டில் வைக்கவே வேண்டாம், பைத்தான் பக்கம் கொண்டுபோங்கள். கான்டெக்ஸ்ட் பிராசசர் என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, மூன்றையும் ஒரு டிக்ஷனரியில் திருப்பி அனுப்பினால் போதும். ரெண்டர் ஆகும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அவை தானாகப் போய்ச் சேரும்.

கேட்டவர்
நன்றி அண்ணா, நம்பர் வந்துவிட்டது. ஆனால் புத்தக அட்டைக்கு ஒரு மேக்ரோ (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் டெம்ப்ளேட் துண்டு) தனிக் கோப்பில் வைத்து இம்போர்ட் செய்கிறேன். அட்டையில் "நூலகம் திறந்திருக்கும்:" என்பதற்குப் பிறகு காலி. அதே மாறியை அதே பக்கத்தில், மேக்ரோவுக்கு வெளியே போட்டால் நேரம் சரியாக வருகிறது!

பதில் 2
இன்க்ளூட் கான்டெக்ஸ்டையும் (பக்கத்துக்குக் கிடைக்கும் மாறிகள்) சேர்த்துக் கொண்டுபோகும், இம்போர்ட் கொண்டுபோகாது. இம்போர்ட் செய்யும் கோப்பில் பெரும்பாலும் மேக்ரோக்கள்தான் இருக்கும் என்பதால் ஜின்ஜா அதை கேஷ் செய்து (ஒருமுறை ஏற்றியதைச் சேமித்து) வைத்துக்கொள்கிறது. கான்டெக்ஸ்ட் பிராசசரில் நீங்கள் தரும் மாறிகள் அங்கே எட்டாதது இதனால்தான்.

இம்போர்ட் வரியின் கடைசியில் வித் கான்டெக்ஸ்ட் என்று சேர்த்தால் உடனே வேலை செய்யும். ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். நேரத்தை மேக்ரோவுக்கு ஆர்க்யுமென்டாகக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால், மேக்ரோவுக்கு என்னென்ன வேண்டும் என்பது அதன் முதல் வரியிலேயே இருக்கும். எங்கிருந்து எது வந்தது என்று தேட வேண்டியதில்லை.

பதில் 1
இன்னொன்றும் செய்யுங்கள். இல்லாத மாறியை ஜின்ஜா சத்தமில்லாமல் வெற்று இடமாக அச்சிடுகிறது, இரண்டு நாள் போனது அதனால்தான். ஆப் தொடங்கும் இடத்தில் ஜின்ஜாவின் அன்டிஃபைன்ட் என்ற அமைப்பை ஸ்ட்ரிக்ட்அன்டிஃபைன்ட் என்று மாற்றுங்கள். அப்புறம் இல்லாத மாறியை அச்சிட்டாலே பிழை வரும், மாறியின் பெயரும் வரி எண்ணும் தெரியும். ஒரு மாறி இருக்கிறதா என்று வெறும் இஃப் போட்டுப் பார்த்த இடங்களிலும் பிழை வரும். அங்கெல்லாம் இஸ் டிஃபைன்ட் என்று எழுதுங்கள்.

கேட்டவர்
மாற்றியதும் இன்னும் இரண்டு இடம் மாட்டியது, சரிசெய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: ஃபார் சுற்றுக்குள் "இன்று கிடைப்பவை" எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கூட்டுகிறேன். சுற்று முடிந்ததும் 0 என்றே வருகிறது. பிழையும் இல்லை.

பதில் 2
சுற்றுக்குள் செய்யும் செட் சுற்றோடு முடிந்துவிடும். வெளியே இருப்பது பழைய 0. மாறி இருக்கத்தானே செய்கிறது, அதனால் ஸ்ட்ரிக்ட்டும் பிடிக்காது. ஜின்ஜா 2.10 முதல் நேம்ஸ்பேஸ் (சுற்றுக்குள் மாற்றினாலும் மதிப்பு நிலைக்கும் ஒரு பெட்டி மாதிரி) இருக்கிறது. சுற்றுக்கு வெளியே ஒரு நேம்ஸ்பேஸ் உருவாக்கி, உள்ளே அதன் ஆட்ரிபியூட்டைக் கூட்டுங்கள்.

கேட்டவர்
வந்துவிட்டது அண்ணா. பக்கத்தின் மேலே "இன்று கிடைப்பவை: 214" என்று நிற்கிறது.