மெல்லிய பக்கச்சுவர் கொண்ட 35 மி.மீ. சைக்கிள் டயர்: கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் தாங்குமா?

வாரம் இருமுறை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் சைக்கிளில் போகிறேன். 40 கி.மீ. தாண்டியதும் உள்ளங்கை மரத்துப்போகிறது. இரவில் சட்டைப் பொத்தான் கழற்றவே சிரமம். ஆறு மாதமாக இதே பாடு.

என் எடை 78 கிலோ. டயர் 700×28 (அகலம் 28 மி.மீ.), காற்றழுத்தம் 90 பி.எஸ்.ஐ. 70க்குக் குறைத்தேன், சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பள்ளத்தில் ட்யூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் அருகருகே இரண்டு ஓட்டை. கைப்பிடியில் இரட்டை டேப் சுற்றியும் பயனில்லை.

டிஸ்க் பிரேக், ரிம் உள் அகலம் 21 மி.மீ. அதனால் அகலமான 35 மி.மீ. டயருக்கு மாற நினைக்கிறேன்; பின்சக்கரத்தில் அதைப் போட்டால் டயருக்கும் சட்டத்துக்கும் இடையே பக்கத்துக்கு 4 மி.மீ. இடைவெளி மிஞ்சும். கடையில் பார்த்த 35 எல்லாம் தடித்த பக்கச்சுவர், விரலால் அழுத்தினால் வளைவதேயில்லை. மெல்லியது வேண்டும், ஆனால் சாலையோரக் கண்ணாடிச் சில்லை நினைத்தால் பயம்.

இந்தச் சாலையில் மெல்லிய பக்கச்சுவர் 35 டயரை ட்யூபுடன் ஓட்டுபவர்கள் எந்த டயர் போட்டிருக்கிறீர்கள்?